லேசர் லிப்போசக்‌ஷன்: மேஜையில் சில மணி நேரம், உடம்புக்கு ஆறு மாதம்

லேசர் லிப்போசக்‌ஷன் எனும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை லேசர் சூட்டால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையைச் செய்துகொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “இவ்வளவு செலவு பண்ணி எடுத்திருக்கோம், வயிறு முன்னைவிடப் பெருசா இருக்கே டாக்டர்?” உண்மையிலேயே பெரிதாகத்தான் இருக்கும். எடை பார்த்தால் ஒன்றிரண்டு கிலோ கூடியும் இருக்கலாம். சிகிச்சையின்போது உள்ளே செலுத்திய திரவம் இன்னும் முழுதாக வெளியேறியிருக்காது. காயம்பட்ட திசுவும் தன் பங்குக்கு நீரைச் சேர்த்து வைத்திருக்கும். இது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் அந்த நாட்களைக் கடப்பது கொடுமை.

“கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம்” என்று விளம்பரங்கள் சொல்வதில் பொய் இல்லை. பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. விளம்பரம் அந்த இடத்தோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். உடம்பு தன் வேலையைத் தொடங்குவதே வீட்டுக்குப் போன பிறகுதான். பயப்பட வேண்டிய விஷயங்களில் பெரும்பாலானவையும் அப்போதுதான் தலைகாட்டும். எந்த லேசர், என்ன மாடல் என்று விசாரிப்பதைவிட, அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றி விசாரிப்பதுதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் முறையை 1970-களின் நடுவில் இத்தாலியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் தொடங்கினார்கள். பாரிஸ் மருத்துவர் இல்லூஸ் முனை மழுங்கிய குழாயையும் உப்புநீரையும் பயன்படுத்தி அதை மேம்படுத்தினார். அப்போதும் ரத்தப்போக்கு பெரிய தலைவலியாகவே இருந்தது. 1987-இல் கலிஃபோர்னியத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் வெளியிட்ட முறைதான் நிலைமையை மாற்றியது. மரப்பு மருந்தான லிடோகெய்னையும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் நிறைய சலைனில் கலந்து, கொழுப்பு அடுக்கு விம்மும் அளவுக்குச் செலுத்துவது அவர் முறை. ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தது, முழு மயக்கம் இல்லாமலே செய்யவும் முடிந்தது. இன்றைய லேசர் சிகிச்சையும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. 2006-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் கருவி ஒன்றை இதற்கு அனுமதித்தது. பிறகு 980, 1320, 1440 என்று வேறு அலைநீளங்களும் வந்தன.

மெல்லிய குழாய்க்குள் தலைமுடியைவிடச் சில மடங்கு தடித்த ஒளியிழை ஒன்று இருக்கும். அதன் நுனியில் வரும் லேசர், கொழுப்புச் செல்களின் சவ்வைச் சூட்டால் உடைத்து உள்ளிருப்பதை எண்ணெய்போல வடியவிடுகிறது. வழியில் உள்ள சிறு ரத்தக் குழாய்கள் சூட்டில் அடைபடுகின்றன. தோலுக்கு அடியில் அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் சூடேறிச் சுருங்கி, பின்னர் சில மாதங்களில் புதிதாக உருவாகிறது. உடைந்த கொழுப்பை அப்புறம் வழக்கம்போல உறிஞ்சி எடுக்கிறார்கள். மிகச் சிறிய இடங்களில் உறிஞ்சாமல் உடம்பே கரைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதும் உண்டு.

அப்படியானால் லேசர் இருந்தால் எல்லாம் மேலா? சிலி நாட்டில் 25 பேரிடம், உடலின் ஒரு பக்கம் லேசரோடும் மறுபக்கம் வழக்கமான முறையிலும் செய்து பார்த்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். லேசர் பக்கத்தில் ஆரம்ப நாட்களில் வலி குறைவாக இருந்தது, ஆனால் செய்து முடிக்க அதிக நேரம் பிடித்தது. கடைசித் தோற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தோல் இறுகுவதில் லேசருக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு என்று பின்னர் வந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. இரட்டைத் தாடை, மேல்கை, ஆண்களின் மார்பு, ஏற்கெனவே ஒருமுறை லிப்போ செய்து தழும்பு பிடித்த இடம் ஆகியவற்றில் லேசர் நிஜமாகவே கைகொடுக்கும். பெரிய வயிற்றில் அதன் பங்கு சிறியது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மடிந்து தொங்கும் தோலை எந்த லேசரும் சுருக்கித் தராது. அதற்குத் தோலை வெட்டித் தைக்கும் அறுவை சிகிச்சைதான் வழி.

நம் ஊர்த் தொப்பைக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. கை காலெல்லாம் ஒல்லியாக, வயிறு மட்டும் பானைபோல முன்தள்ளி நிற்கும் ஆண்களைப் பார்க்கிறோம். அந்த வயிற்றில் விரலால் கிள்ளிப் பிடிக்கக் கிடைப்பது கொஞ்சம்தான். மீதி, தசைச் சுவருக்கு உள்ளே குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு. லிப்போசக்‌ஷன் குழாய் அங்கே போகாது, போகவும் கூடாது. சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் அதிகம் தொடர்புள்ளது அந்த உள்கொழுப்புதான். 2004-இல் அமெரிக்காவில் 15 பருமனான பெண்களுக்கு வயிற்றிலிருந்து பத்து கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ரத்த அழுத்தமோ கொலஸ்ட்ராலோ இன்சுலினின் வேலையோ மேம்படவில்லை. சர்க்கரை குறையும் என்று யாராவது சொல்லி இந்தச் சிகிச்சையை விற்றால், எழுந்து வந்துவிடுவது நல்லது.

சரி, எல்லாம் பொருந்தி வந்து முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின், வலி மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ எல்லாம் ரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடியவை. எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். இதயத்துக்காக ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. பலரும் சொல்ல மறப்பது படர்தாமரைக்குச் சாப்பிடும் இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல் மாத்திரைகளை. தோல் வியாதிக்குத்தானே என்று விட்டுவிடுகிறார்கள். கல்லீரல் லிடோகெய்னைச் சிதைக்கும் வேகத்தை அவை குறைக்கின்றன, அதனால் அது ரத்தத்தில் தேங்கி விஷமாகலாம். சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கும், மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு. சிசேரியன் ஆனவர்கள், தொப்புள் துருத்தியிருப்பவர்கள் குடலிறக்கம் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே வயிற்றில் கை வைக்க விட வேண்டும். வயிற்றுச் சுவரில் ஓட்டை இருந்து, குழாய் அதன் வழியே குடலில் குத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அன்று காலையில் உங்களை நிற்கவைத்து மார்க்கர் பேனாவால் வயிற்றில் வட்டம் வட்டமாக வரைவார்கள். படுத்துவிட்டால் கொழுப்பு பக்கவாட்டில் சரிந்துவிடும் என்பதால் இதை நின்றபடிதான் செய்ய வேண்டும். போட்டோ எடுப்பார்கள். பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னத் துளைகள் போட்டு மரப்புத் திரவத்தை ஏற்றுவார்கள். இந்தக் கட்டம்தான் விழித்திருப்பவருக்குச் சங்கடமானது. வயிறு இறுகி, கனத்து, குளிர்ந்துபோகும். அட்ரினலின் வேலை செய்யும்போது தோல் வெளிறும். அதற்காக இருபது நிமிடம், அரை மணி காத்திருப்பதை அவசரப்படுத்தக் கூடாது.

லேசரைத் தொடங்கியதும் ஆபரேஷன் தியேட்டரின் விளக்கைக் கொஞ்சம் மங்கவைப்பார்கள். கொழுப்பை உடைக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கூடவே ஒரு சிவப்பு ஒளியை அனுப்புகிறார்கள். தோலுக்கு அடியில் அந்தச் சிவப்புப் புள்ளி முன்னும் பின்னும் ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். புள்ளி மங்கலாகத் தெரிந்தால் நுனி ஆழத்தில் இருக்கிறது, பளிச்சென்று தெரிந்தால் தோலுக்கு மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள். சர்ஜனின் கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் தங்கினால் அங்கே வெந்துவிடும். உள்ளே 50 டிகிரியை நெருங்கும் சூடு, வெளித்தோலில் 40, 42-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். உதவியாளர் ஒருவர் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார். விழித்திருப்பவருக்கு இழுப்பதும் குடைவதும் தெரியும், வலி தெரியக் கூடாது. எங்கேயாவது சுரீரென்று சுட்டால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், அந்த நொடியே சொல்லிவிடுங்கள். 2008-இல் வெளியான 537 பேரின் தொகுப்பில் சிக்கல்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நடந்த ஐந்தில் நான்கு தோல் தீக்காயம்.

முடிந்ததும் பலருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். போர்வை போர்த்தினால் சரியாகிவிடும். சாயங்காலமே எழுந்து நடக்கச் சொல்வார்கள். ரத்தம் காலில் உறையாமல் இருக்க இது அவசியம்.

இனி அந்த முதல் இரவு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

சாதாரணமாக அட்ரினலினோடு சேர்த்துப் போடும் லிடோகெய்னுக்குப் பாதுகாப்பான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். லிப்போசக்‌ஷனில் மிகவும் நீர்க்கக் கலந்து கொழுப்புக்குள் செலுத்துவதால் 35 வரையும், அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் வழிகாட்டுதல்படி அதிகபட்சம் 55 வரையும் போகிறார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 2,450-இலிருந்து 3,850 மில்லிகிராம் வரை வரும். இவ்வளவு மருந்தை உடம்பு தாங்குவதற்குக் காரணம் அது மெதுவாக ரத்தத்தில் கலப்பதுதான். அந்த மெதுவான கலப்பு உச்சத்தைத் தொடுவது சுமார் 12 மணி நேரம் கழித்து. காலை 10 மணிக்கு ஏற்றினால் ராத்திரி 10 மணிக்கு உச்சம். ஆள் அப்போது வீட்டில், அநேகமாகத் தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ போட்டுப் படுத்திருப்பார். உதட்டைச் சுற்றி மதமதப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், பேச்சுக் குழறல், காரணமில்லாத பதற்றம், கை கால் துடிப்பு, இவற்றில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. அந்த இரவில் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும், இந்த அறிகுறிகள் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது வரவேற்பறை எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கும் டாக்டரின் எண் வேண்டும்.

அதே இரவில் துளைகள் வழியே இளஞ்சிவப்புத் தண்ணீர் கசிந்து மெத்தையை நனைக்கும். பார்ப்பவர்கள் ரத்தம் என்று பதறுவார்கள். பெரும்பகுதி உள்ளே ஏற்றிய சலைன், அதில் கொஞ்சம் ரத்தம் கலந்திருக்கும், அவ்வளவுதான். சில டாக்டர்கள் துளைகளைத் தைக்காமல் விடுவதே இது வெளியேறட்டும் என்றுதான். மெத்தைமேல் ரப்பர் ஷீட்டும் பழைய பருத்தித் துண்டுகளும் விரித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். கெட்டியான சிவப்பு ரத்தமாகவே வந்தால் மட்டும் சொல்ல வேண்டும்.

கசிவு நின்றாலும், உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உடையான பிரஷர் கார்மென்ட் நிற்காது. முதல் இரண்டு மூன்று வாரம் இரவும் பகலும், பிறகு ஆறு வாரம் வரை பாதி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டிருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வியர்க்குரு வரும், அரிக்கும், உட்கார்ந்தால் மடிப்பு விழும். அந்த மடிப்பு ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் வயிற்றில் நிரந்தரக் கோடாகவே பதிந்துவிடக்கூடும். இரண்டு செட் வாங்கித் துவைத்து மாற்றிக்கொள்ளுங்கள், உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டுக்கொள்ளுங்கள். தேதியை உங்களால் தேர்ந்தெடுக்க முடிந்தால் சித்திரை, வைகாசியை விட்டுவிட்டு மார்கழி, தை பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கார்மென்ட்டைக் கழற்றும்போது தலை சுற்றி விழுபவர்கள் உண்டு. இறுக்கம் திடீரென்று தளர்வதால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. உட்கார்ந்தபடி மெல்லக் கழற்றவும். அன்றைக்குக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டாம்.

வீக்கம் மூன்றிலிருந்து ஐந்தாம் நாளில் உச்சத்தில் இருக்கும். ரத்தக்கட்டு ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்தில் மறையும். வயிற்றில் செய்தவர்களுக்கு இந்த நீரும் ரத்தமும் கீழே இறங்கும். ஆண்களுக்கு விரைப்பையும், பெண்களுக்குப் பிறப்புறுப்பும் வீங்கிக் கறுத்துப்போகலாம். கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் பயந்து நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சில நாட்களில் தானாக வடிந்துவிடும். வலி அதிகமாக இருந்தால் காட்டிவிடுங்கள், டாக்டருக்கு இது புதிதல்ல.

வீட்டுப் பெரியவர்கள் அன்போடு செய்யும் இரண்டு காரியங்களை இங்கே தடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று வெந்நீர் ஒத்தடம். சிகிச்சை நடந்த இடத்தில் தோல் பல வாரம் மரத்திருக்கும். சூடு உறைக்காது. பை சுடுகிறது என்று தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் அதே அளவு கெடுதல். நம் நிறத் தோலில் சிறு புண் ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இன்னொன்று பத்தியம். ரசம் சாதம் மட்டும் கொடுத்துப் படுக்கவைப்பது புண் ஆற உதவாது. முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். உப்பைக் குறைத்தால் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தள்ளிவைத்தால் வீக்கம் வடிவதில் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது வாரம் வாக்கில் வேறொரு கவலை தொடங்கும். தொட்டால் உள்ளே கட்டி கட்டியாக, பலகைபோல இறுக்கமாக இருக்கும். மேலே ஒரு மாதிரி மரப்பு, திடீர் திடீரென்று எறும்பு ஊர்வதுபோலக் கூச்சம், அரிப்பு. நரம்புகள் மீண்டு வருவதன் அடையாளம் இது. இறுக்கம் இரண்டு மூன்று மாதத்தில் இளகும். சில டாக்டர்கள் மென்மையான மசாஜ் சொல்லித் தருவார்கள். மேஜை வேலைக்கு மூன்றிலிருந்து ஐந்து நாளில் திரும்பலாம். ஜிம்முக்கு ஒரு மாதம் பொறுக்கவும்.

எல்லாவற்றையும் “இது சகஜம்” என்று சொல்லிப் பழகிவிட்டால், சகஜமில்லாதது கண்ணில் படாமல் போகும். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனதன் அறிகுறியாக இருக்கலாம். 2000-இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில் லிப்போசக்‌ஷன் மரணங்களின் முதல் காரணம் இதுதான். வயிறு கல்லாகி வாந்தி எடுத்தால் குடல் காயம். காய்ச்சலோடு சிவப்பு பரவி, பார்ப்பதற்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தால் திசுவைத் தின்னும் கிருமித் தொற்று. இவற்றுக்கு மணிக்கணக்குதான், நாள் கணக்கு கிடையாது.

மெதுவாக வரும் ஒன்றும் உண்டு. எல்லாம் ஆறி ஒரு மாதம் போன பிறகு துளை இருந்த இடத்தில் சிறு முடிச்சு வந்து நீர் வடியும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கும், மறுபடி வரும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் காரணமாக இருக்கலாம். கருவிகளைக் குழாய்த் தண்ணீரில் அலசிப் பயன்படுத்தும் இடங்களில் இது தொற்றுகிறது. தனிப் பரிசோதனை செய்தால்தான் பிடிபடும், மருந்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். இதனால்தான் கருவிகளை எப்படிக் கிருமிநீக்கம் செய்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறே இல்லை.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவில் வந்து செய்துகொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் மடக்கி உட்கார்ந்து போகும் விமானப் பயணம் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். மூன்று வார லீவு என்றால் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறைக்குத் தள்ளிவையுங்கள்.

இதெல்லாம் யார் கையில், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் உயிரிழந்தார். மருத்துவ அலட்சியம் என்று பெற்றோர் குற்றம்சாட்டினார்கள். அழகு நிலையத்தின் மாடி அறையிலும் லேசர் எந்திரத்தை வைக்க முடியும். மயக்கவியல் டாக்டர், ஆக்சிஜன், மானிட்டர், லிடோகெய்ன் விஷமானால் முறிக்க ஏற்றும் கொழுப்புக் கரைசல் ஆகியவற்றை அங்கே எதிர்பார்க்க முடியாது. செய்யப்போகிறவர் இதில் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனா, தோல் மருத்துவரா, மொத்தம் எத்தனை லிட்டர் எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். ஒரே அமர்வில் ஐந்து லிட்டருக்கு மேல் என்றால் அது பெரிய அறுவை சிகிச்சை. அதைச் செய்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எடுத்த செல்கள் திரும்பி வராது, ஆனால் கொழுப்பு வரும். கொலராடோ பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தொடையில் எடுத்த பெண்களுக்கு ஒரு வருடத்தில் உடலின் மொத்தக் கொழுப்பு பழைய நிலைக்கே வந்தது, அதுவும் வயிற்றுப் பக்கம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பிரேசிலில் வந்த ஆய்வு, உடற்பயிற்சி செய்யாத பெண்களுக்கு உள்கொழுப்பு 10 சதவீதம் கூடியதையும், செய்தவர்களுக்கு அது கூடாததையும் காட்டியது. ஜிம்முக்குப் போக டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து போவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

முடிவை எடைபோட மூன்றாம் மாதப் போட்டோவையும் ஆறாம் மாதப் போட்டோவையும் சிகிச்சைக்கு முந்தையதோடு வைத்துப் பாருங்கள். கொலாஜன் அதுவரை வேலை செய்துகொண்டே இருக்கும். மேடு பள்ளம் இருந்து திருத்த வேண்டுமென்றாலும் ஆறு மாதத்துக்கு முன் மறுபடி கை வைக்கக் கூடாது. அழகு சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குப் பணம் தராது, பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். திருத்தத்துக்குத் தனிக் கட்டணமா, சிக்கல் வந்து அட்மிட் ஆனால் அந்தச் செலவு யாருடையது என்பதை அட்வான்ஸ் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.